தாத்தா சொல்லிவைத்த திருக்கடையூர்ப் பயணம்

எங்கள் தாத்தா 1929இல் பிறந்து, 95 வயது நிறைந்து, 2024ஆம் ஆண்டு வைகாசியில் சிவபதம் அடைந்தார். தலை திவசம் முடிந்த அடுத்த மாதமே நாங்கள் குடும்பத்தோடு திருக்கடையூருக்குப் புறப்பட்டதற்குக் காரணம், அவருடைய பழைய கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு வரி. எங்கள் வயலில் தம் இளமை முதல் உழைத்த பெரியவர் ஒருவரின் பிறந்த மாதத்தை 'தாரண வருடம், ஆவணி' என்று எழுதி, அதன் கீழே '60க்குத் திருக்கடையூர், முடிந்தது. 80க்கும் அழைத்துப் போக வேண்டும்' என்று தாத்தா குறித்து வைத்திருந்தார். 1944இல் வந்த தாரண வருடம் 2004இல் மீண்டும் வந்தபோது, அந்தப் பெரியவரையும் அவர் மனைவியையும் மாலையும் கழுத்துமாக இதே கோயிலில் உட்கார வைத்து, மணிவிழாவைத் தாம் முன்னின்று நடத்தி வைத்தார். இரண்டாவது வாக்கை நிறைவேற்றும் பொறுப்பை எங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறார்.

சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்ட விழா என்று சொல்வது வெறும் உபசாரம் அன்று. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் சுற்று நிறைய 80 ஆண்டும் சுமார் பத்து மாதமும் ஆகும். ஆவணியில் பிறந்த பெரியவருக்கு அந்தக் கணக்கு 2025ஆம் ஆண்டு ஆனியில் நிறைந்தது.

மேற்கு நோக்கிய சந்நிதி கொண்ட தலம் இது. அமுத குடமே இலிங்கமாகி நின்றதால் சுவாமிக்கு அமிர்தகடேசுவரர் என்று பெயர். தம்மை வணங்க மறந்த தேவர்களிடமிருந்து அந்தக் குடத்தை ஒளித்து வைத்தவர் என்பதால் இங்குள்ள பிள்ளையாருக்குக் கள்ளவாரணர் என்று பெயர். முதல் தேங்காய் அவருக்கே. உள்ளே நுழைந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலை சூடிய வயதான தம்பதியர், கலசங்கள், ஓமப்புகை, பேரன் பேத்திகளின் ஓட்டம். நெருக்கடிதான் என்றாலும், முதியவர்களே மணமக்களாக அமர்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தை நான் குறையாக நினைக்கவில்லை. முதுமையைக் கொண்டாடுவதற்கென்று ஒரு கோயிலையே கொடுத்திருக்கிறது நம் மரபு.

அட்ட வீரட்டத் தலங்களில் இது காலனை உதைத்த தலம். பதினாறு வயதோடு முடிய வேண்டிய மார்க்கண்டேயர் இலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, எமன் வீசிய பாசக்கயிறு இலிங்கத்தின் மேலும் விழுந்தது. ஐம்பொன் திருமேனியாய்க் காலசம்ஹாரமூர்த்தி காலைத் தூக்கி நிற்கும் சந்நிதியில் எங்களை நிறுத்தி, தாத்தா எப்போதும் கதையின் மறுபாதியைத்தான் விரிவாகச் சொல்வார். எமன் வீழ்ந்த பின் இறப்பு என்பதே இல்லாமல் போகவே, பாரம் தாங்க முடியாமல் பூமாதேவி இறைவனிடம் முறையிட்டாள். இறைவன் எமனை மீண்டும் எழுப்பினார். "சாவே வேண்டாம்னு கேக்கற கோயில் இல்லப்பா இது. இருக்கற வரைக்கும் பூமிக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு கேக்கற கோயில்" என்பார். அவர் இல்லாமல் முதன்முறையாக அந்தச் சந்நிதியில் நின்றபோது, ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

எங்கள் நிலம் வாய்க்காலின் தலைமாட்டில் இருக்கிறது. மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் எங்கள் வயலில்தான் பாய வேண்டும். ஆனால் முறைப்பாசனம் வைக்கும் பொறுப்பு தாத்தாவின் கைக்கு வந்த நாளிலிருந்து, தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் மடை திறக்கும் என்பதை அவர் ஊர் வழக்கமாகவே ஆக்கிவிட்டார். வீட்டில் அதற்காக அவரோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு. ஆத்தாவும் அவர்களில் ஒருவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் பொங்கித் தரங்கம்பாடிப் பக்கத்து மக்கள் உடுத்திய துணியோடு வந்தபோது, காவிரி நீர் சரிவர வராத ஆண்டுகளாதலால் எங்கள் குதிரில் அடிமட்டத்தில்தான் நெல் கிடந்தது. தாத்தா அதையும் வழித்து அரைக்கக் கொடுத்தார். அன்று அண்டா அண்டாவாகச் சோறு வடித்தவர் அதே ஆத்தாதான். தமக்கு 80 நிறைந்தபோது பிள்ளைகள் சதாபிஷேகத்துக்கென்று சேர்த்த பணத்தை வாங்கி, துருப்பிடித்த மதகுப் பலகையை மாற்றிவிட்டு, இங்கே ஓர் அர்ச்சனை மட்டும் செய்துகொண்டு திரும்பிவிட்டார்.

குங்கிலியக் கலய நாயனார் இந்த ஊர்க்காரர். வீட்டில் அரிசி இல்லாத நாளில் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக்கூட இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கக் கொடுத்துவிட்ட அடியார். தாத்தாவுக்குப் பிடித்தது அதைவிடத் திருப்பனந்தாள் நிகழ்ச்சிதான். யானைகளையும் சேனையையும் கொண்டு அரசன் இழுத்தும் நிமிராத இலிங்கத்தை, நாயனார் கயிற்றைத் தம் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுக்க, அது நிமிர்ந்தது. எமனின் கயிற்றுக்குப் பேர்போன ஊரில் பிறந்த ஒருவர், தாமே விரும்பித் தம் கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டார் என்பது இந்தமுறைதான் எனக்கு உறைத்தது. வாய்க்கால் தூர் எடுக்கும் நாளில் ஆட்களை ஏவிவிட்டுக் கரையில் நிற்காமல், முதல் கூடை மண்ணைத் தாமே சுமந்து ஏறும் தாத்தாவின் தோள் என் கண்ணுக்குள் நின்றது.

ஓமம் முடிந்து, கலச நீர் ஆடி, பெரியவரும் அவர் மனைவியும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அபிராமி சந்நிதியில் தீபாராதனை ஆனது. தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்ட தன் பட்டருக்காகத் தாடங்கத்தை வானில் எறிந்து நிலவு காட்டியவள் அவள். ஆயிரம் நிலவு கண்ட கணவனையும் மனைவியையும் அவள் முன் நிறுத்தியதில் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்தது. குருக்கள் தட்டிலிருந்த அட்சதையை அவர்கள் கையில் கொடுத்து ஆசி வழங்கச் சொன்னபோது, எழுபதைத் தொட்ட என் தந்தை முதல் ஆளாகச் சாஷ்டாங்கமாக விழுந்தார். பெரியவர் பதறிப் பின்வாங்கினார். அவர் மனைவிதான் அவர் கையைப் பிடித்து அட்சதையைத் தூவ வைத்தார். நாங்கள் வரிசையாக விழுந்து எழுந்தோம்.

இரவு தங்கிக் காலையில் இன்னொரு தரிசனம் செய்துவிட்டுப் புறப்படலாம் என்று என் தந்தை சொன்னார். பெரியவர் மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க சின்னய்யா. ஆத்துல தண்ணி வந்துடுச்சு. ஐயா குடுத்த மதகுச் சாவி எங்கிட்டதான் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துடணும்."