எதால் வகுப்பது?

"எதால வகுக்கட்டும், மேடம்?"

"சிட்ரேட் சிந்தேஸால."

திசுவில் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லின் ஆற்றல் நிலையங்கள், எப்படி வேலை செய்கின்றன என்று அளந்த எண்ணை எதால் வகுத்து ஒப்பிடுவது என்பதுதான் ஆய்வகத்தில் வந்த கேள்வி. சிட்ரேட் சிந்தேஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் நொதி; மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதை அளவுகோலாக வைப்பார்கள். பதில் தவறில்லை. தசையாக இருந்தால் யோசிக்காமல் சொல்லலாம். கேட்டது கொழுப்புத் திசுவுக்கு. அதுதான் உறுத்துகிறது.

எடையால் வகுக்கச் சொல்லியிருக்க முடியாது. கொழுப்பு செல்லின் விட்டம் 80 மைக்ரானிலிருந்து 120 ஆனால் கன அளவு ஏறக்குறைய 3.4 மடங்காகிறது. செல்லில் ஒரு மைட்டோகாண்ட்ரியாகூடக் குறையாமலேயே, மில்லிகிராமுக்கான நொதி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 'பருமனில் மைட்டோகாண்ட்ரியா பழுது' என்று எழுத இந்தக் கணக்கு மட்டுமே போதும். புரதத்தால் வகுத்தால், சலைனில் எவ்வளவு அலசினாலும் போகாத ரத்த ஆல்புமினும் சேர்ந்துகொள்ளும். அணுக்கரு டி.என்.ஏ.வால் வகுத்தால், பருமனான திசுவுக்குள் குடியேறும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களின் அணுக்கருக்களும் கணக்கில் வரும்.

ஆக, மிஞ்சுவது சிட்ரேட் சிந்தேஸ்தான். உறையவைத்த திசுவிலும் அளக்கலாம். டிரிஸ் பஃபர் பி.எச். 8.1, டி.டி.என்.பி. என்ற நிறம் காட்டும் வேதிப்பொருள் 0.1 மில்லிமோலார், அசிட்டைல் கோ-ஏ 0.3, கடைசியாக ஆக்சலோஅசிட்டேட் 0.5. நொதி வேலை செய்யும்போது வெளிவரும் கோ-ஏவின் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி) டி.டி.என்.பி.யை மஞ்சளாக்கும்; 412 நானோமீட்டரில் அந்த மஞ்சள் ஏறும் வேகம்தான் நொதியின் வேகம். ஆக்சலோஅசிட்டேட்டை அன்றன்றைக்கே கரைக்க வேண்டும். கரைசலில் வைத்தால் பைருவேட்டாகச் சிதையும். அதைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, வரும் சரிவைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் டி.டி.என்.பி. எந்தத் தயாலைக் கண்டாலும் மஞ்சளாகும். அரைக்கும் பஃபரில் வழக்கப்படி டி.டி.டி. (டைதயோத்ரைட்டால், அதுவும் ஒரு தயால்) போட்டிருந்தால் அன்றைய வேலை வீண். சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டானை மறந்தால் நொதி சவ்வுக்குள்ளேயே அடைந்துகிடக்கும்.

இதெல்லாம் எல்லாத் திசுவுக்கும் பொது. கொழுப்பில் வரும் சிக்கல் வேறு. அரைத்ததைக் குளிரில் சென்ட்ரிஃபியூஜ் செய்ததும் மேலே வெண்ணெய் மாதிரி ஒரு படலம் உறையும். அதைத் துளைத்துக் கீழே இருக்கும் தெளிந்த நீரை ஊசியால் உறிஞ்சிக்கொண்டு, படலத்தைக் குப்பையில் போடுவது பழக்கம். கொழுப்புத் துளியோடு ஒட்டியிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் போவதும் அந்தப் படலத்தோடுதான். 2018இல் எலியின் பழுப்புக் கொழுப்பில் படலத்திலிருந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, பைருவேட்டை எரிக்கும் திறன் கூடுதலாகவும் கொழுப்பமிலத்தை எரிக்கும் திறன் குறைவாகவும் இருந்தன. அதாவது குப்பைக்குப் போவது வெறும் மிச்சமல்ல, தனிக் குணமுள்ள ஒரு கூட்டம். துளி பெரிதாக இருக்கும் திசுவில் எவ்வளவு போகிறது என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் ஒரே தெளிந்த நீரிலிருந்து வந்தால் இழப்பு இரண்டிலும் சமம்தானே? அந்த நம்பிக்கையில்தான் பதில் வந்தது. ஆனால் வெள்ளைக் கொழுப்பில் இந்த நொதி வெறும் அளவுகோல் இல்லை. அது செய்யும் சிட்ரேட் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு சைட்டோசாலுக்கு (செல்லின் திரவப் பகுதிக்கு) வெளியேறி, மீண்டும் அசிட்டைல் கோ-ஏ ஆகிக் கொழுப்பாகச் சேர்கிறது. கொழுப்பு செய்யும் வழியில் நிற்கும் நொதியை வைத்தே கொழுப்பு செல்லின் ஆரோக்கியத்தை அளப்பது, எடைக்கல்லே எடை மாறுவது போல.

வகுக்கும் எண் முடிவையே புரட்டிப்போடும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. டென்மார்க்கில் கடும் பருமன் உள்ளவர்களிடம் செய்து 2010இல் வெளிவந்த அளவீட்டில், மில்லிகிராமுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு அதிக ஆக்சிஜன் எடுத்தது, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வால் வகுத்ததும் தோலடிக் கொழுப்பு முந்தியது. இரண்டும் உண்மை. கேள்விதான் வேறு.

பருமனில் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. பின்லாந்தின் ஒரே கரு இரட்டையர்களில் பருமனானவரின் தோலடிக் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் சுவாசச் சங்கிலிப் புரதங்களும் குறைந்திருந்தன. மரபணுவைக் காரணம் சொல்ல வழியில்லை. குறைந்தால் கெடுதல் என்ற அடுத்த படிதான் வழுக்குகிறது. பாஸ்டனில் ஒரே ஆய்வகம் எலியின் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பேணும் டிஃபாம் என்ற மரபணுவை இரு முறை நீக்கியது. 2012இல் சுவாசச் சங்கிலியின் முதல் காம்ப்ளெக்ஸ் குறைந்தும் ஆக்சிஜன் செலவு கூடியது, எலிகள் பருமனிலிருந்து தப்பின. 2014இல் கொழுப்பே கரைந்து, இன்சுலின் எதிர்ப்பும் கல்லீரல் கொழுப்பும் வந்தன. மரபணுவை வெட்டும் நொதியை இயக்கிய ப்ரமோட்டர், அதாவது எந்த செல்லில் அது இயங்கும் என்பதை முடிவுசெய்யும் டி.என்.ஏ. துண்டு, வேறு, அவ்வளவுதான். இதில் எந்த எலியை நம்பி ஒரு மனிதரின் துண்டுத் திசுவைப் படிப்பது?

சொன்ன பதில் மாற்றப்படவில்லை. அட்டவணையில் எடைக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வுக்கும் தனிப் பத்திகள் சேர்ந்திருக்கின்றன. படலத்தைத் தூக்கிப் போடாமல் மைனஸ் 80இல் வைக்கச் சொல்லியாயிற்று. அதை அளந்தால் எதால் வகுப்பது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.