உபயம்: ஃபோர்டு

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் போட்டாலும், நோட்டீஸில் உபயதாரர் பெயர் இல்லாமல் இருக்காது. சிலதில் முருகன் வேஷக்காரரைவிட அவர் படம்தான் பெரிசு. யாரும் குறை சொல்வதில்லை, காசு போட்டவர் ஆயிற்றே. நியூயார்க்கின் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி என்ற கறுப்பர் நாடகக் குழுவுக்கு அந்தக் காசே பெரிய வம்பாகிப் போனது.

கதை 1965இல் தொடங்குகிறது. டக்ளஸ் டர்னர் வார்ட் என்ற கறுப்பின நடிகர் எழுதிய 'டே ஆஃப் ஆப்சென்ஸ்' அந்த வருஷம் மேடையேறியது. அமெரிக்காவின் தெற்கே ஓர் ஊர், பொழுது விடிந்து பார்த்தால் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தக்கூடத் தெரியாமல் வெள்ளைக்காரர்கள் முழிக்கிறார்கள். அந்த வெள்ளைக்காரர்களாக நடித்தவர்கள், முகத்தில் வெள்ளை அப்பிக்கொண்ட கறுப்பு நடிகர்கள்! வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்தே பிழைத்த மேடைக்கு இதைவிட நல்ல பதிலடி கிடையாது.

மறு வருஷம், அமெரிக்க நாடகமேடை வெள்ளையருக்கு மட்டும்தானா என்று கேட்டு வார்ட் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதைத் தொடர்ந்து ஃபோர்டு அறக்கட்டளை 4,34,000 டாலர் தந்தது. ராபர்ட் ஹுக்ஸ், ஜெரால்டு குரோன் இருவரையும் சேர்த்துக்கொண்டு 1967இல் வார்ட் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார்.

உடனே ஏச்சும் தொடங்கியது. வெள்ளைக்காரன் காசு, கொட்டகை கறுப்பர் பேட்டையான ஹார்லெமில் இல்லை, 'பிளாக்' என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல ஆரம்பித்த காலத்தில் பெயரில் 'நீக்ரோ' வேறு, போதாததற்கு 1968இல் போட்ட முதல் நாடகமே பீட்டர் வைஸ் என்ற ஐரோப்பியர் எழுதியது. அந்த நாடகம் அங்கோலாவில் போர்ச்சுகீசியர் செய்த கொடுமையைப் பற்றியது என்பதை எத்தனை பேர் பொருட்படுத்தினார்களோ. அதே வருஷம் நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்காவின் நாடகத்தையும் போட்டார்கள். என்னைக் கேட்டால், காசு எங்கிருந்து வந்தால் என்ன, எந்த நாடகம் போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

அதற்குச் சாட்சியாகக் கறுப்பின நாடகாசிரியர் சார்லஸ் ஃபுல்லரின் 'எ சோல்ஜர்ஸ் பிளே' போதும். 1981இல் இதே கம்பெனி போட்டது, அடுத்த வருஷம் அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரங்களான டென்சல் வாஷிங்டனும் சாமுவேல் ஜாக்சனும் அதில் சாதாரண சிப்பாய்கள்! நியூயார்க்கின் பெரிய வணிக நாடகக் கொட்டகைகளான பிராட்வேக்குப் போவதென்றால், கறுப்பர் அதிகாரத்துக்கு வருவதை இனிப் பழகிக்கொள்ளுங்கள் என்கிற கடைசி வசனத்தை எடுத்துவிடச் சொன்னார்களாம், ஃபுல்லரே சொல்லியிருக்கிறார். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் அந்த நாடகம் பிராட்வே ஏறியது 2020இல்.