சகோதர நகரமும் தகரத் தடுப்பும்

இன்று நகர்மன்றக் கூட்டத்தை நேரலையில் பார்த்தேன். வெளிநாட்டு நகரம் ஒன்றோடு சகோதர நகர ஒப்பந்தம் போடலாமா என்று விவாதம். பேசாத உறுப்பினரே இல்லை.

அடுத்த பொருள், நகர மையச் சீரமைப்பு. ஒப்பந்ததாரருக்கு இன்னும் அவகாசம் வேண்டுமாம். சரி என்று மேசையைத் தட்டிவிட்டு ஒத்திவைத்தார்கள்.

அந்த இடத்தை மறைத்து நிற்கும் தகரத் தடுப்பில் 'உங்கள் புதிய நகர மையம்' என்று ஒரு படம். படத்திலுள்ள மரங்கள் வெயிலில் வெளுத்து நீலமாகிவிட்டன. தடுப்புக்குப் பின்னால் நிஜ மரமே வளர்ந்து எட்டிப் பார்க்கிறது.

சகோதர நகரம் வெட்டி வேலை என்று சொல்ல மாட்டேன். ஜெர்மன் குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி, 1944-இல், போரில் அதேபோல் சிதைந்த சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடோடு உறவு பூண்டது. கோவென்ட்ரிப் பெண்கள் 800-க்கும் மேற்பட்டோர் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களைத் தைத்து அனுப்பினார்கள். (பயணப்படி கேட்காத தூதுக்குழு!)

போர் முடிந்ததும் இடிந்த தன் நகர மையத்தையும் கட்டி எழுப்பியது அதே ஊர்.

இங்கே ஒப்பந்தம் கையெழுத்தானால் அங்கிருந்து விருந்தினர் வருவார்கள். எதைச் சுற்றிக் காட்டுவது? அதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள், ஐயா.