தக்காளிச் சீட்டின் கடைசி வரி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று யார் கேட்டாலும் இங்கே ஒரே பதில்தான்: "வரத்துங்க." அது பாதி உண்மை. மீதிப் பாதி கேரளா. இங்கே இறங்கும் காயில் பெரும்பகுதி லாரி ஏறி அங்கேதான் போகிறது. ஓணம் நெருங்கினால் விலை துள்ளும். அங்கே வெள்ளம் என்றால் வரத்து கூடாமலே இங்கே விலை படுத்துவிடும்.

முருங்கையைச் சொல்லவே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் மழையும் பனியும் பூவை உதிர்த்துவிடும்; கிலோ 100-ஐத் தாண்டும். பங்குனி, சித்திரையில் கொட்டிக் கிடக்கும், கேட்க ஆள் இருக்காது. காய் இருந்தா விலை இல்ல, விலை இருந்தா காய் இல்ல என்பார்கள்.

2023 ஜூலைக் கடைசியில் சென்னையில் தக்காளி சில்லறை விலை கிலோ 200 வரை போனது. அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. விலை ஏறத் தொடங்கியதைப் பார்த்து நட்டவர்களின் காய் செப்டம்பரில் மொத்தமாக வந்து இறங்கியது. நட்டு 60, 70 நாளில் தக்காளி பறிப்புக்கு வந்துவிடும் அல்லவா? விலை சரிந்தது.

அப்படிப்பட்ட நாளில்தான் விவசாயிக்கு விற்பனைச் சீட்டு எழுதக் கை வராது. 14 கிலோ பெட்டி 70 ரூபாய்க்கு ஏலம் போயிருக்கும். பறிகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் பெட்டி 700-க்குப் போனபோது என்னவோ அதேதான். விலையோடு சேர்ந்து இறங்குவது எங்கள் கமிஷன் ஒன்றுதான். விவசாயி விலையைப் பார்க்க மாட்டார், செலவெல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் கடைசி வரியைப் பார்ப்பார். "வாடகைக்காவது கட்டுமா தம்பி?" என்று ஒருவர் கேட்டார். வாடகைக்கே பத்து ரூபாய் குறைந்தது.

பிறகு ஏன் பறித்துக் கொண்டுவருகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பழத்தைச் செடியிலேயே விட்டால் புழு சேரும், அடுத்த காய்ப்பு அடிபடும். அடுத்த பறிப்புக்காவது விலை வரும் என்ற நம்பிக்கையில் இந்தப் பறிப்பை நஷ்டத்துக்குத் தள்ளுகிறார்கள். குளிர்பதனக் கிடங்கு கட்டினால் எல்லாம் தீரும் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கிலோ 5 ரூபாய்ப் பழம் கிடங்கு வாடகையைத் தாங்காது.

சின்ன வெங்காயக்காரர்களின் தோரணையே வேறு. வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்து வைக்கலாம். போனில் விலை கேட்பார்கள், பிடிக்கவில்லையென்றால் "பட்டறையிலேயே கிடக்கட்டும்" என்று வைத்துவிடுவார்கள். தக்காளிக்காரர் விலை கேட்கும்போது சரக்கு ஏற்கெனவே வண்டியில் இருக்கும்.

"இப்ப தக்காளி நடலாமா?" என்று இப்போதெல்லாம் சிலர் என்னிடமே கேட்கிறார்கள். இன்றைய ஏல விலையை நான் சொல்வதில்லை. குழித்தட்டில் நாற்று வளர்த்து விற்கும் பண்ணைக்குப் போய், தக்காளி நாற்றுக்கு எத்தனை பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.