பார்பிக்கு ஒரு கெஜப் புடவை

எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் பொம்மைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அவை எல்லாமே கொலுப்படியில் அமரும் தெய்வங்களாகவோ, மடியில் கிடத்தித் தாலாட்ட வேண்டிய குழந்தைகளாகவோதான் இருந்தன. துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்த பார்பி இந்த இரண்டிலும் சேராதவள். வளர்ந்த பெண், யாருக்கும் தாயும் இல்லை, மகளும் இல்லை, நன்றாக உடுத்திக்கொண்டு எங்கேயோ கிளம்பத் தயாராக நிற்பவள். அவள் மேல் எனக்கு விழுந்த பிரியம் தலை நரைத்த பிறகும் குறையாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அவளை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லரின் எண்ணமும் ஏறக்குறைய இதுதான். தம் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளைப் பெரியவர்களாகப் பாவித்து விளையாடியதைக் கவனித்த அவர், ஜெர்மனியில் விற்ற லில்லி பொம்மையை முன்மாதிரியாகக் கொண்டு, 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனத்தின் பெயரில் பார்பியை அறிமுகப்படுத்தினார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடையில், 3 டாலருக்கு விற்ற அந்த முதல் பார்பியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என்னுடையவளின் முதுகுக்குக் கீழே 1966 என்று பொறித்திருக்கும். அவ்வளவு பழையவளா என்று வியக்க வேண்டாம்; அது உடல் அச்சுக்கு உரிய ஆண்டு, பின்னால் பல ஆண்டுகள் வார்த்த பொம்மைகளிலும் அதே எண்தான் இருக்கும்.

பொம்மைக்குத் தனியாக உடை வாங்குவது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். எம்.சி. ரோடு கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அது குறையாகவும் படவில்லை. அங்கே பிளவுஸ் தைப்பவர்கள் கூட்டித் தள்ளும் பிட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி வந்து நானே தைக்கத் தொடங்கினேன். பார்பியின் உயரம் 11.5 அங்குலம், அதாவது ஆள் அளவில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஆறு கெஜப் புடவை அவளுக்குச் சரியாக ஒரு கெஜம். 45 அங்குல அகலம் ஏழரை அங்குலமாகிவிடும். கணக்கு இவ்வளவு அழகாக வந்தாலும் துணி அதற்குக் கட்டுப்படுவதில்லை. நீள அகலத்தைக் குறைக்கலாம், நூலின் தடிமனைக் குறைக்க முடியாது. பட்டில் கொசுவம் வைத்தால் வயிற்றில் மூட்டை கட்டியதுபோல் புடைக்கும். மல் துணியோ, நைந்த வாயில் புடவையோதான் படியும். அதையும் ஈரமாக மடித்து, நூலால் கட்டி, கனமான புத்தகத்தின் அடியில் இரவெல்லாம் வைத்துக் காய்ந்த பிறகு செருகினால்தான் நிற்கும். கொக்கிக்கு இடமில்லாததால் ரவிக்கையின் முதுகில் மிகச் சிறிய டிச் பட்டன். அவளுடைய இடுப்பு எந்தப் பெண்ணுக்கும் இல்லாத இடுப்பு என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனால் பாவாடையும் கொசுவமும் ஏறிய பிறகு அது எங்கள் தெருப் பெண்களின் இடுப்பாகிவிடுவதைத் தைப்பவர்கள் அறிவார்கள்.

வெள்ளைத் தோலும் பொன்னிறக் கூந்தலுமே அழகு என்று அவள் எனக்குச் சொல்லித் தந்தாளா என்று தங்கை கேட்பாள். ஓரளவுக்கு ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். பார்பி என்ற பெயரிலேயே கறுப்பினப் பொம்மை 1980-இல் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. 2016-இல் பூசினாற்போல், நெடிதாக, குட்டையாக என மூன்று புதிய உடல்வாகுகள் வந்தபோது மகிழ்ந்தேன். ஒருத்திக்குத் தைத்தது இன்னொருத்திக்குப் பொருந்தாமல், தனித்தனியே காகித அளவு வெட்ட வேண்டியிருப்பது உண்மை. மனுஷிகளுக்குத் தைப்பவர்கள் என்றைக்கும் செய்துவரும் வேலைதானே அது!

புடவை உடுத்தினால் மட்டுமே கொலுவில் இடம் என்பது அம்மாவின் சட்டம். அதன்படி அவள் கடைசிப் படியில், செட்டியார் பொம்மையின் மளிகைக் கடைக்கு எதிரே, வாடிக்கைக்காரியாக நிற்கிறாள். இந்த ஆண்டு அம்மா கேட்டிருப்பது கண்டாங்கி. அசல் கண்டாங்கியின் கட்டம் அவளுக்குப் போர்வைபோல் பெரிதாகத் தெரியும் என்பதால், பொடிக் கட்டம் போட்ட ஆண்கள் கைக்குட்டை இரண்டை வாங்கிப் பட்டையாக வெட்டி ஒட்டுத் தைக்கப் போகிறேன். ஒட்டு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். தலைப்பில் மட்டும் வராதபடி அளந்து வெட்ட வேண்டும்.