நுங்கம்பாக்கமும் அந்த விம்பிள்டன் இரவும்

2008 விம்பிள்டன் இறுதிப் போட்டியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் நுங்கம்பாக்கத்தில்தான் ஆரம்பிப்பேன். அந்த ஆண்டு எங்கள் விடுதியில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

அந்த ஜனவரியில் நுங்கம்பாக்கம் அரங்கத்தில் நடந்த சென்னை ஓபன் டென்னிஸ் அரையிறுதியில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். இருவருமே ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர்கள். நடாலுக்கு மோயா அண்ணன் மாதிரி. மூன்று செட்டும், சமநிலையில் செட்டைத் தீர்க்கும் டை-பிரேக்கர் வரை போய், முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது. நடால் ஜெயித்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். எந்தப் பந்துக்கும் விடாமல் ஓடுகிறவரால் அன்று ஓடவே முடியவில்லை. பாதியில் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கடைசிப் பாயிண்ட் வரை ஆடிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டன் இறுதியில் நடாலும் ரோஜர் ஃபெடரரும் மோதியபோது விடுதி டிவி அறையில் நிற்க இடமில்லை. முக்கால்வாசிப் பேர் ஃபெடரர் ரசிகர்கள். தொடர்ந்து ஐந்து முறை பட்டம், புல்தரையில் 65 ஆட்டமாகத் தோல்வியே இல்லை என்றால் வேறு யார் பக்கம் நிற்பார்கள்? முதல் இரண்டு செட்டையும் நடால் 6-4, 6-4 என்று எடுத்தார். மூன்றாவது செட்டில் மழை வந்துவிட்டது. ஆட்டம் நடந்த சென்டர் கோர்ட்டுக்கு அப்போது கூரை கிடையாது, அடுத்த ஆண்டுதான் வந்தது. மழை விட்டதும் அந்த செட்டை ஃபெடரர் டை-பிரேக்கரில் பிடித்தார்.

நான்காவது செட் டை-பிரேக்கரை இன்றும் பாயிண்ட் பாயிண்டாகச் சொல்வேன். நடால் 5-2 என முன்னிலை, சர்வும் அவருடையது. அங்கே போய் ஒரு டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போனது! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 7-6-ல், எடுத்தால் பட்டம் என்று வந்த முதல் சாம்பியன்ஷிப் பாயிண்டை ஃபெடரரின் சர்வ் காப்பாற்றியது. அடுத்து, ஓடிக்கொண்டே நடால் அடித்த ஃபோர்ஹேண்ட் கோட்டை ஒட்டிப் பறந்தது, 8-7. முடிந்தது என்று நான் எழுந்தே விட்டேன். உடனே ஃபெடரர் ஒரு பேக்ஹேண்டை அதே மாதிரி கோட்டோரம் செலுத்தினார். இத்தனை நெருக்கடியில் அப்படி ஒரு அடியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. செட் ஃபெடரருக்கு, 10-8. அறையே அதிர்ந்தது.

கையில் வந்த பட்டம் இப்படி நழுவினால் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஐந்தாவது செட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். நடால் உட்காரவில்லை. 2-2-ல் மறுபடி மழை. அப்புறம் லண்டனில் இருட்டத் தொடங்கிய நேரத்தில் 7-7-ல் ஃபெடரரின் சர்வை முறியடித்தார், அதாவது ஃபெடரர் சர்வ் போட்ட கேமை ஜெயித்தார். 9-7 என்று முடிந்தபோது நமக்கு மணி ஒன்றே முக்கால் இருக்கும். ஆட்ட நேரம் மட்டும் 4 மணி 48 நிமிடம். ஆறு மாதத்துக்கு முன் நம் ஊரில் ஓட முடியாமல் நின்ற அதே கால்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபெடரர் கட்சியில் இருந்த என் அறைத் தோழன் ஒன்றும் பேசாமல் வந்து கையைக் குலுக்கினான்.

2016 கடைசியில் மோயா நடாலின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்த செய்தியை அவனுக்குத்தான் முதலில் அனுப்பினேன். சென்னை ஓபன் 2018-ல் புனேவுக்குப் போனது இருவருக்குமே இன்னும் ஆறவில்லை. 2022-ல் அதே அரங்கத்துக்குப் பெண்கள் போட்டி வந்ததில் மகிழ்ச்சிதான். ஆண்கள் போட்டியும் திரும்பி வரட்டும். எந்த நாட்டில் இருந்தாலும் விமானம் ஏறிவிடுவோம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.