நடுகல்லுக்கு ஒரு கனகாம்பரம்

சேலத்தில் அருங்காட்சியக வேலை எனக்கு. காலை முழுவதும் ஓலைச்சுவடிகளை மென்தூரிகையால் துடைத்துப் புல்தைலம் தடவினேன். அப்போதுதான் ஓலை ஒடியாது, பூச்சியும் அண்டாது. மதியம் வந்த மாணவர்கள் பத்தே நிமிடத்தில் சுற்றிவிட்டுப் போனதும் மனம் சோர்ந்துவிட்டது.

பிறகு வாழப்பாடிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் வந்தார். நடுகல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். "ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரனுக்கு நட்ட கல், பாட்டி" என்றேன்.

"தெரியும் சாமி. எங்கள் காட்டிலும் ஒன்று நிற்கிறது. பொங்கலுக்குப் படையல் போடுவோம்."

நான் படித்து அறிந்ததை அவர் கும்பிட்டே அறிந்திருக்கிறார்! கல்லைத் தொடக் கை நீட்டினார். கைப்பிசுக்கு கல்லில் படியும், தொடக் கூடாது. சொன்னேன், தொண்டை அடைத்தது. பாட்டி கொண்டையிலிருந்த கனகாம்பரத்தைக் கல்லின் முன் தரையில் வைத்துவிட்டுப் போனார். மாலை வரை அதை நான் எடுக்கவில்லை.